இராணுவத்தில் ஆள் குறைகிறது, பாதுகாப்புச் செலவு ஏன் குறையவில்லை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையில் வரவு செலவுத் திட்ட விவாதம் தொடங்கினால் போதும், கொழும்பில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஒரே கேள்விதான். யுத்தம் முடிந்து இத்தனை வருடமாகியும் ஆமிக்கு ஏன் இவ்வளவு காசு? கேட்பது நியாயம். ஆனால் நாங்கள் மொத்தத் தொகையைப் பார்த்துக் கோபப்படுவதோடு நின்றுவிடுகிறோம். அந்தத் தொகைக்குள் எது ஏறுகிறது, எது இறங்குகிறது என்று யாரும் கதைப்பதில்லை. உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் கேட்டவற்றை இங்கே சேர்த்து, எனக்குத் தெரிந்த அளவில் பதில் எழுதியிருக்கிறேன்.

உண்மையிலேயே ஆட்குறைப்பு நடக்கிறதா, அல்லது வெறும் பேச்சா?

நடக்கிறது. 2023 ஜனவரியில் அப்போதைய பாதுகாப்பு இராஜாங்க அமைச்சர் பிரமித பண்டார தென்னகோன் அறிவித்தார்: 200,783 ஆக உள்ள இராணுவம் 2024க்குள் 135,000 ஆகவும் 2030க்குள் ஒரு இலட்சமாகவும் குறைக்கப்படும். ஆட்சி மாறியும் இந்தத் திட்டம் மாறவில்லை. 2025 பெப்ரவரியில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க பாராளுமன்றத்தில் அதே 2030ஐத்தான் சொன்னார். இராணுவம் ஒரு இலட்சம், கடற்படை 40,000, விமானப்படை 18,000.

எதிரும் புதிருமான இரண்டு அரசாங்கங்கள் ஒரே எண்ணைச் சொல்கின்றன என்றால் அதைக் கட்சி அரசியலாகப் பார்த்துப் பயனில்லை. 2022 ஏப்ரலில் கடனைக் கட்ட முடியாது என்று நாடு கைவிரித்தது, 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் 2.9 பில்லியன் டொலர் திட்டம் வந்தது. அதற்குப் பிறகு யார் வந்தாலும் இந்தக் கணக்கைப் போட்டுத்தான் ஆக வேண்டும்.

ஆள் குறைந்தால் செலவும் குறைய வேண்டுமே? தொகை ஏன் ஏறிக்கொண்டே போகிறது?

2022இல் பாதுகாப்பு அமைச்சுக்கு 373 பில்லியன் ரூபா அளவில் ஒதுக்கினார்கள், 2023இல் 410 பில்லியன், 2025இல் 442 பில்லியன். மேலோட்டமாகப் பார்த்தால் வருடாவருடம் அள்ளிக் கொடுப்பது போலத் தெரியும்.

ஆனால் அந்த இடைவெளியில் ரூபாவுக்கு நடந்ததை மறந்துவிடக் கூடாது. டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்குப் போனது, கொழும்பின் பணவீக்கம் 2022 செப்டெம்பரில் 70 சதவீதத்தை எட்டியது, அரிசி, பருப்பு, டீசல், டயர், சப்பாத்து என்று முகாமுக்குள் போகும் எல்லாப் பொருளும் எங்கள் வீட்டுக்குள் வரும் பொருளைப் போலத்தான் விலை ஏறியது. அந்த நேரத்தில் பத்து சதவீதம் கூட்டிக் கொடுத்தால் அது உயர்வே இல்லை, வெட்டுத்தான். தாளில் தொகை கூடியிருக்கும், அதைக் கொண்டு வாங்கக்கூடியது குறைந்திருக்கும். அதற்குமேல் 2023 தொடக்கத்தில் எல்லா அமைச்சுகளின் மீண்டெழும் செலவிலும் (அன்றாடச் செலவு) 5 சதவீதத்தைக் குறைக்கச் சொல்லி அமைச்சரவையே தீர்மானித்தது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. அரசாங்க ஊழியர்களின் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாகப் படிப்படியாக உயரும் என்று 2025 வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். அந்தச் சம்பள உயர்வு படையினருக்கும்தான். ஆள் குறைவதால் மிஞ்சுகிற காசில் பெரும் பங்கை இருப்பவர்களின் சம்பள உயர்வே எடுத்துக்கொள்கிறது. சிப்பாயும் அரிசி வாங்கத்தானே வேண்டும், அதனால் அந்த உயர்வை நான் குறை சொல்ல மாட்டேன்.

அந்தக் காசு எங்கேதான் போகிறது?

2025இன் 442 பில்லியனில் ஏறத்தாழ 382 பில்லியன் மீண்டெழும் செலவு. அதாவது சம்பளம், படிகள், சாப்பாடு, சீருடை, எரிபொருள், மின்சாரக் கட்டணம். கருவி, கட்டடம் போன்ற மூலதனச் செலவுக்கு மிஞ்சியது 60 பில்லியன் அளவு. நூறு ரூபாவில் 86 ரூபா அன்றாடச் செலவுக்கே போய்விடுகிறது.

திறைசேரி வெளியிடும் மதிப்பீட்டுப் புத்தகத்தைத் திறந்து ஒருமுறை பாருங்கள், தமிழிலும் இருக்கிறது. இராணுவத்தின் செலவினத் தலைப்பு 222, கடற்படை 223, விமானப்படை 224. உள்ளே ஒவ்வொரு வகைச் செலவுக்கும் ஒரு குறியீடு. 1001 சம்பளம், 1202 எரிபொருள், 1203 உணவும் சீருடையும். பக்கத்தைப் புரட்டிக்கொண்டே போனால் கடைசிப் பக்கமாக 2401 வரும், அதுதான் ஆளணிப் பயிற்சி. சம்பள வரியையும் பயிற்சி வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்தப் பக்கத்தில் நான் சொல்ல வருவதில் பாதி விளங்கிவிடும். உண்மையான பயிற்சிச் செலவு அந்த ஒரு வரியில் மட்டும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். சுடும் பயிற்சிக்கான தோட்டா ஒரு தலைப்பில், லொறிக்கு டீசல் இன்னொரு தலைப்பில், பயிற்சிக்குப் போகிறவனின் சாப்பாடு வேறொன்றில் என்று சிதறிக் கிடக்கும். அதனால்தான் வெட்டு விழும்போது பயிற்சிக்கு என்ன நடந்தது என்று வெளியில் தெரிவதே இல்லை.

பென்சனும் இதில் இல்லை. ஓய்வுபெற்ற படையினரின் ஓய்வூதியம் ஓய்வூதியத் திணைக்களத்தின் தலைப்பில் போகிறது. ஆகவே ஒருவரை வீட்டுக்கு அனுப்பினால் பாதுகாப்பு அமைச்சின் கணக்கில் ஒரு சம்பளம் குறையும், இன்னொரு திணைக்களத்தின் கணக்கில் ஒரு பென்சன் ஏறும். ஆட்குறைப்பால் இவ்வளவு மிச்சம் என்று யாராவது மேடையில் சொன்னால் இரண்டையும் சேர்த்துத்தான் சொல்கிறாரா என்று கேளுங்கள்.

வெட்டு விழும்போது பயிற்சிக்கு என்ன ஆகிறது?

முதலில் அடிபடுவது பயிற்சிதான். சம்பளத்தை நிறுத்த முடியாது, சாப்பாட்டை நிறுத்த முடியாது, முகாமின் கரண்ட் பில்லைக் கட்டாமல் விட முடியாது. ஆனால் இந்த வருடம் நடக்க வேண்டிய களப்பயிற்சியை அடுத்த வருடத்துக்குத் தள்ளினால் உடனே யாருக்கும் வலிக்காது. கையில் காசு இறுகினால் வீட்டு வாடகையையும் கடைக் கணக்கையும் கொடுத்துவிட்டுப் பிள்ளையின் டியூஷனை நிறுத்துவோமே, அதே கணக்குத்தான் இங்கும். பாதிப்பு சில வருடம் கழித்துத்தான் தெரியும்.

எப்படி என்று கேட்டால், ஒரு கோப்ரல் சார்ஜன்ட் ஆக வேண்டும் என்றால் அதற்குரிய பாடநெறியை முடிக்க வேண்டும். வருடத்துக்கு நடக்கும் பாடநெறிகள் குறைந்தால் பதவி உயர்வு பிந்தும், பதவி உயர்வு பிந்தினால் திறமையானவன்தான் முதலில் வெளியே வேலை தேடுவான். தோட்டா எண்ணிக் கொடுக்கப்படும்போது சுடும் தளத்தில் நிற்கும் நேரம் குறையும். வாகனம் ஓடாதபோது பெரிய பிரிவுகளாகச் சேர்ந்து செய்யும் பயிற்சி, மணலில் களத்தின் மாதிரியைச் செய்து விளக்கும் மணல் மேசையிலேயே முடிந்துவிடும். தியத்தலாவையில் கெடேற் அதிகாரிகளுக்கான கழகம், மின்னேரியாவில் காலாட்படைப் பயிற்சி நிலையம், மாதுறு ஓயாவில் விசேட படையினரின் பயிற்சிப் பாடசாலை, பட்டலந்தையில் பதவிநிலை அதிகாரிகளுக்கான கல்லூரி என்று கட்டமைப்பு நன்றாகவே இருக்கிறது. கட்டடம் இருக்கிறது, பயிற்றுநரும் இருக்கிறார், அவற்றை முழுமையாக ஓட வைக்கும் காசுதான் இல்லை.

இந்த இடைவெளியை இப்போது பெருமளவு வெளிநாடுகள்தான் நிரப்புகின்றன. இந்தியாவுடன் நடக்கும் மித்ர சக்தி கூட்டுப் பயிற்சி 2024 ஓகஸ்டில் மாதுறு ஓயாவில் நடந்தது, 2025 ஏப்ரலில் இந்தியப் பிரதமர் வந்தபோது பாதுகாப்பு ஒத்துழைப்புக்கான புரிந்துணர்வு ஒப்பந்தமும் கைச்சாத்தானது. இலவசமாகக் கிடைக்கும் பயிற்சியை வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் எங்கள் அதிகாரி எதைப் படிக்கிறார் என்பதைக் காசு கொடுக்கும் நாடுதான் தீர்மானிக்கும் என்றால் அது நல்லதல்ல, எந்த நாடாக இருந்தாலும் சரி.

கருவிகளும் பழசாகிவிட்டனவே, அதுவும் பயிற்சியைப் பாதிக்குமா?

நிச்சயமாக. 2025 மே 9ஆம் திகதி மாதுறு ஓயாவில் விசேட படையினர் பயிற்சி முடித்து வெளியேறும் நிகழ்வில் கலந்துகொண்ட விமானப்படையின் பெல் 212 ஹெலிகொப்டர் நீர்த்தேக்கத்தில் விழுந்து ஆறு பேர் இறந்தார்கள். அதே வருடம் நவம்பர் 30ஆம் திகதி, வெள்ள நிவாரணப் பணியில் இருந்த இன்னொரு பெல் 212 லுணுவிலவில் விழுந்து விமானி உயிரிழந்தார். ஒவ்வொரு விபத்துக்கும் தனித்தனிக் காரணம் இருக்கும். ஆனாலும் நூற்றுக்கு 14 ரூபாதான் மூலதனச் செலவுக்கு என்று இருக்கும் ஒரு படையில் கருவிகள் எந்த வேகத்தில் புதுப்பிக்கப்படும் என்று யோசித்துப் பாருங்கள். செத்தவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். அவர்களின் தாய்மார் எந்த மொழி பேசினாலும் இழப்பு இழப்புத்தான்.

ஆமிக்குப் பயிற்சி குறைந்தால் எங்களுக்கு என்ன? நல்லதுதானே?

இதைத்தான் என்னிடம் அதிகமாகக் கேட்கிறார்கள், தமிழர்கள் கேட்பதற்குக் காரணமும் இருக்கிறது. ஆனால் நான் இதற்கு நேர் எதிரான பக்கத்தில் நிற்கிறேன். பெரிய, பயிற்சி குறைந்த, சும்மா இருக்கும் இராணுவம்தான் பொதுமக்களுக்கு ஆபத்து.

2013 ஓகஸ்ட் முதலாம் திகதியை நினைத்துப் பாருங்கள். கம்பஹா மாவட்டத்தின் வெலிவேரியவில் சுத்தமான தண்ணீர் கேட்டு ஊர்வலம் வந்த மக்கள்மீது இராணுவம் சுட்டு மூன்று பேர் இறந்தார்கள். இறந்தவர்கள் சிங்களவர்கள். யுத்தத்துக்காகப் பழக்கப்பட்ட ஒரு படையைக் கூட்டத்தைக் கட்டுப்படுத்த அனுப்பியதன் விளைவு அது. அதற்கு முன்னும் பின்னும் என்ன வேலைக்கெல்லாம் இவர்களை இறக்கினார்கள்! யுத்தத்துக்குப் பிறகு நகர அபிவிருத்தியே பாதுகாப்பு அமைச்சின்கீழ் வந்து கொழும்பில் நடைபாதை பதித்தார்கள், கொம்பனித்தெருவில் வீடுகளை உடைத்தபோது காவலுக்கு நின்றார்கள், கொரோனாவில் தனிமைப்படுத்தல் நிலையம் நடத்தினார்கள், 2022இல் பெற்றோல் செட்டுகளில் துவக்கோடு நின்றார்கள். ஒவ்வொரு முறையும் ஆள் இருக்கிறது என்பதற்காகத்தான் அனுப்பப்பட்டார்கள், அந்த வேலைக்குப் பழகியிருக்கிறார்கள் என்பதற்காக அல்ல.

ஆகவே எண்ணிக்கை குறையட்டும், மிஞ்சுகிறவர்களுக்குப் பயிற்சி கூடட்டும். அந்தப் பயிற்சியில் மனித உரிமைச் சட்டமும் பொதுமக்களோடு நடந்துகொள்ளும் முறையும் பேருக்கு ஒரு வகுப்பாக இல்லாமல் பதவி உயர்வோடு கட்டப்பட்டதாக இருக்க வேண்டும். தமிழ் மொழியும் அப்படித்தான். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு கொழும்பில் திரும்பவும் முளைத்த செக்பொயின்ட்டுகளில், அடையாள அட்டையை நீட்டிய ஒரு வயதான அம்மாவுக்கு என்ன கேட்கிறார்கள் என்றே விளங்காமல் கை நடுங்கியதைப் பார்த்தவள் நான். அந்தச் சிப்பாய்க்கு நாலு வாக்கியம் தமிழ் தெரிந்திருந்தால் போதும், அந்த நடுக்கம் வந்திருக்காது.

எல்லாரையும் ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்புகிறார்களா?

இல்லை. அதிகாரிகள் அல்லாத படையினர் 22 வருடம் முடித்தால் பென்சனோடு போகலாம். இறுதி யுத்தத்துக்காக 2006 தொடக்கம் 2009 வரை பெருமளவில் ஆள் சேர்த்தார்களே, அவர்களின் 22 வருடம் 2028க்கும் 2031க்கும் இடையில் முடிகிறது. 2030 என்ற இலக்கு வருடத்தை இதோடு சேர்த்துப் பாருங்கள். புதிதாகச் சேர்ப்பதைக் குறைத்தாலே எண்ணிக்கை தானாக இறங்கும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வெளியே போகிறவர்கள் அனுபவசாலிகள், கீழே இருந்து வருகிற இளைஞர்கள் குறைவு. நடுவில் இருப்பவர்களின் வயது ஏறும், அதிகாரிகளின் எண்ணிக்கை அதே வேகத்தில் குறையாவிட்டால் மேலே கனத்த படையாகிவிடும். ஆட்குறைப்பு என்றால் சிப்பாயை மட்டும் குறைப்பதல்ல, பிரிகேடியர், மேஜர் ஜெனரல் பதவிகளும் அதே விகிதத்தில் குறைய வேண்டும்.

லீவில் போய்த் திரும்பாதவர்களின் கதை வேறு. 2024 ஏப்ரல் 20 முதல் ஒரு மாதம் பொதுமன்னிப்புக் காலம் கொடுத்தார்கள், 15,000க்கும் மேற்பட்டவர்கள் சட்டப்படி விலகிக்கொண்டார்கள். அப்படியும் வராதவர்களைக் கைதுசெய்யும்படி 2025 பெப்ரவரியில் பாதுகாப்பு அமைச்சு உத்தரவிட்டது. கொழும்பைச் சுற்றி நடக்கும் பாதாள உலகக் கொலைகளில் படையிலிருந்து ஓடியவர்களின் பெயர் அடிபட்டதுதான் காரணம்.

வெளியே போனவர்கள் என்ன செய்கிறார்கள்?

எங்கள் ஒழுங்கையில் ஒரு தொடர்மாடியின் இரவுக் காவலுக்கு நிற்பவர் முன்னாள் கோப்ரல், குருநாகல் பக்கத்து ஆள். கனரக வாகனம் ஓட்டுவார், ஜெனரேட்டர் பழுதானால் அவரேதான் திருத்துவார், கிளிநொச்சியில் சில காலம் கண்ணிவெடி அகற்றும் வேலையும் செய்திருக்கிறார். தமிழ் நன்றாகப் பேசுகிறார், அங்கே கடைக்காரர்களிடம் கேட்டுக் கேட்டுப் பழகியதாம். இவ்வளவும் தெரிந்தவர் ஏன் கேட்டில் நிற்கிறார் என்று ஒருநாள் கேட்டேன். "மிஸ், வேலை தெரியும். கடதாசி இல்லையே" என்றார். கையில் தொழில் தகைமைச் சான்றிதழ் ஒன்றும் இல்லை. பென்சனோடு இந்தச் சம்பளமும் சேர்ந்தால்தான் இரண்டு பிள்ளைகளின் படிப்பு ஓடுகிறது.

என்.வீ.கியூ. எனப்படும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் முறை நாட்டில் ஏற்கனவே இருக்கிறது. சேவையின் கடைசி இரண்டு வருடத்தில் ஒவ்வொருவரையும் மதிப்பிட்டு அந்தச் சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்புவது ஒரு ஹெலிகொப்டரின் உதிரிப்பாகச் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. செய்யாவிட்டால் என்ன நடக்கும் என்பதைப் பார்த்துவிட்டோம். 2024இல் முன்னாள் படையினரை நல்ல சம்பளம் என்று சொல்லி ரஷ்ய-உக்ரேன் போர்க்களத்துக்குக் கொண்டுபோனார்கள். குறைந்தது 16 பேர் அங்கே இறந்ததை அந்த மே மாதம் பிரமித பண்டார தென்னகோனே சொன்னார். ஆட்குறைப்பை அறிவித்த அதே அமைச்சர். போனவர்கள் பேராசைக்காரர்கள் அல்ல, 2022இல் சேமிப்பெல்லாம் கரைந்துபோன குடும்பஸ்தர்கள்.

முன்னுரிமை மாறுகிறது என்கிறார்களே, எதை நோக்கி?

கடலை நோக்கி. இலங்கையின் பிரத்தியேகப் பொருளாதார வலயம் 517,000 சதுர கிலோமீற்றர், நிலப்பரப்பைப் போல ஏறத்தாழ எட்டு மடங்கு. போதைப்பொருள் வருவதும் கடலால், மீன் திருட்டும் கடலில். 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு முன்னால் எரிந்து, கரை முழுவதும் பிளாஸ்டிக் மணிகள் ஒதுங்கி, மீனவர்கள் மாதக்கணக்கில் தொழிலை இழந்ததை எல்லாரும் பார்த்தோம். அதற்குக் காலாட்படையால் ஒன்றும் செய்ய முடியாது. அமெரிக்கக் கரையோரக் காவல்படையின் பழைய கப்பல்கள் கடற்படைக்குக் கிடைத்தன (கஜபாகு, விஜயபாகு), இந்தியா 2022 ஓகஸ்டில் ஒரு டோர்னியர் கண்காணிப்பு விமானம் கொடுத்தது. கொடையாக வந்தாலும் எண்ணெயும் உதிரிப்பாகமும் பழகிய மாலுமியும் எங்கள் செலவு என்பதை மறக்க வேண்டாம்.

ஐ.நா. அமைதிப்படைக்குப் போனால் காசு வருமே?

வரும். ஒரு படையாளுக்கு மாதம் 1,428 டொலர் என்று 2018இல் ஐ.நா. நிர்ணயித்தது, அது அரசாங்கத்துக்குத்தான் போகும். குக்குளேகங்கையில் அதற்கென்றே ஒரு பயிற்சி நிறுவனமும் இருக்கிறது. ஆனால் 2007இல் ஹெயிட்டியிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட இலங்கைப் படையினர் பாலியல் குற்றச்சாட்டில் திருப்பி அனுப்பப்பட்டதும், 2019இல் யுத்தக் குற்றச்சாட்டுக்கு உள்ளான சவேந்திர சில்வாவை இராணுவத் தளபதியாக நியமித்ததைக் காரணம் காட்டிப் புதிய படையணிகளை ஏற்பதை ஐ.நா. இடைநிறுத்தியதும் இந்த வாசலைச் சுருக்கிவிட்டன. பொறுப்புக்கூறலைத் தட்டிக்கழிப்பதற்கு டொலரிலும் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

டித்வா புயலில் ஆமி இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்? அப்படியிருக்க ஏன் குறைக்க வேண்டும்?

2025 நவம்பர் கடைசியில் 600க்கும் மேற்பட்ட உயிர்களை அந்தப் புயல் கொண்டுபோனது. களனி கங்கை பெருகி கொலன்னாவ, கடுவெல பக்கமெல்லாம் மூழ்கியபோது படகோடு வந்தவர்கள் முப்படையினர்தான், அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் அங்கே உதவியது எண்ணிக்கை அல்ல. படகும், ஹெலிகொப்டரும், வெள்ளத்தில் கயிறு கட்டத் தெரிந்த கையும்தான் உதவின. மண்சரிவில் புதைந்தவரை எடுக்கத் தனிப் பயிற்சி வேண்டும், கருவி வேண்டும். ஆள் குறைப்பால் மிஞ்சும் காசு அங்கே போகுமென்றால் அடுத்த வெள்ளத்துக்கு இதைவிட ஆயத்தமாக இருப்போம்.

வடக்கில் முகாம்கள் குறையுமா?

எண்ணிக்கை பாதியானால் முகாம்களும் குறைந்தே ஆக வேண்டும், ஆனால் அது தானாக வடக்கில் நடக்காது. எந்த முகாம் மூடப்படும் என்பது அரசியல் தீர்மானம். 2025 ஏப்ரலில் யாழ்ப்பாணத்தில் பலாலி வீதியின் மூடிக்கிடந்த பகுதி பல தசாப்தங்களுக்குப் பிறகு திறக்கப்பட்டது ஒரு தொடக்கம்தான். படையினர் பிடித்து வைத்திருந்த காணி இன்னும் முழுதாக உரியவர்களிடம் வரவில்லை. அதோடு கிளிநொச்சி, முல்லைத்தீவில் ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் (சி.எஸ்.டி.) பண்ணைகளிலும் முன்பள்ளிகளிலும் வேலை செய்து சம்பளம் வாங்குகின்றன. சி.எஸ்.டி.யை மூடு என்று கொழும்பிலிருந்து சொல்வது இலேசு. அந்த முன்பள்ளி ஆசிரியைக்குக் கல்வித் திணைக்களமோ மாகாண சபையோ சம்பளம் கொடுக்க ஏற்பாடு செய்துவிட்டுத்தான் அதைச் சொல்ல வேண்டும்.

வேறு நாடுகளில்?

இந்தியா 2022இல் அக்னிபாத் என்ற படை ஆட்சேர்ப்புத் திட்டத்தைக் கொண்டுவந்தது, நாலு வருடச் சேவை, அதில் கால்வாசிப் பேரை மட்டுமே தொடர்ந்து வைத்திருப்பார்கள். பென்சன் சுமைதான் பெரிய காரணம் என்று பரவலாகப் பேசப்பட்டது, அதை எதிர்த்த போராட்டங்களில் பல மாநிலங்களில் ரயில்கள் எரிந்தன. இளைஞர்களைக் கேட்காமல் செய்தால் அதுதான் நடக்கும்.

சாதாரண ஆளாக நான் என்ன பார்க்க வேண்டும், என்ன கேட்க வேண்டும்?

அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் மொத்தத் தொகையை விடுங்கள். 222ஆம் தலைப்பைத் திறந்து சம்பள வரியையும் 2401ஐயும் முந்தின வருடத்தோடு ஒப்பிடுங்கள். ஆள் குறைந்தும் பயிற்சி வரி அசையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பாதுகாப்பு அமைச்சின் குழுநிலை விவாதம் ஒருநாள் முழுக்க நடக்கும், நேரடியாக ஒளிபரப்பாகும், தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. உங்கள் மாவட்டத்து உறுப்பினர் அன்றைக்குச் சபையில் இருந்தாரா, என்ன கேட்டார் என்று கவனியுங்கள். எங்கள் உறுப்பினர்கள் காணியையும் காணாமல் ஆக்கப்பட்டோரையும் பற்றிப் பேசுகிறார்கள், பேசத்தான் வேண்டும். அதே மேடையில், இந்த வருடம் எத்தனை படையினர் தமிழ் படித்து முடித்தார்கள், ஓய்வு பெற்றவர்களில் எத்தனை பேர் கையில் தொழிற் சான்றிதழோடு போனார்கள் என்ற இரண்டு கேள்வியையும் அவர்களைக் கேட்கச் சொல்லுங்கள்.